ஓசிச் சாப்பாடு யாருடையது?

"அவருக்கென்னப்பா... ஓசியில சாப்பிடறார், வீடியோ போடறார், காசு பாக்கறார்."

மும்பையில் நாலு தமிழர்கள் கூடி உட்கார்ந்து ஹோட்டல், சாப்பாடு என்று பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்துக்குள் இந்த வசனம் யார் வாயிலிருந்தாவது வந்துவிடும். எங்கள் செம்பூர் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுவில் மாதம் இரண்டு தடவையாவது வருகிறது. வேடிக்கை என்னவென்றால், இதை அடிக்கடி சொல்லும் அண்ணாச்சிதான் தினமும் காலை ஆறரை மணிக்கு அன்றைய ஆங்கில தினசரியின் முழு பிடிஎஃபையும் குழுவில் போடுபவர். ஓசியில் வந்தது, ஓசியில் போகிறது. நானும் பல நாள் சும்மா இருந்து பார்த்தேன். முடியவில்லை. எழுதிவிடுகிறேன். அண்ணாச்சிக்குக் கோபம் வந்தால் ஒரு ஃபில்டர் காப்பி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பண்ணிக்கொள்ளலாம். (பில் நான்தான் கட்டுவேன் :-))

இந்தத் தடவை பேச்சில் மாட்டியவர் குணால் விஜய்கர். மும்பைக்கு வந்து பத்துப் பதினைந்து வருஷம் ஆனவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. டைம்ஸ் நவ் சேனலில் 'தி ஃபூடி' என்று ஒரு நிகழ்ச்சி வருமே, அதில் ஊர் ஊராய், சந்து சந்தாய்ப் போய்ச் சாப்பிட்டவர். சைரஸ் புரோச்சாவோடு 'தி வீக் தட் வாஸ்ன்ட்' என்ற நையாண்டி நிகழ்ச்சியிலும் இருந்தவர். மும்பையின் பழைய சமூகங்களில் ஒன்றான பதாரே பிரபு சமூகத்துக்காரர். அந்தச் சமையல் என்று ஒன்று இருப்பதே என்னைப் போன்ற கோவில்பட்டிக்காரனுக்கு இவர் சொல்லித்தான் தெரியும். இவரைப் பத்திரிகையாளர் என்பதா, நடிகர் என்பதா, சாப்பாட்டுப் பிரியர் என்பதா என்று கேட்டால், மூன்றும்தான். பிறகு சேனல் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று யூடியூபில் 'கானே மே க்யா ஹை' என்ற சொந்தச் சேனலைத் தொடங்கினார். குற்றச்சாட்டு அங்கேதான் ஆரம்பம். "டிவில இருந்தவரைக்கும் சரி. சொந்தக் கடை போட்டாச்சுன்னா யாவாரம்தான."

அவருடைய வரவு செலவு என் விஷயமில்லை, அண்ணாச்சியின் விஷயமும் இல்லை. என் சண்டை அந்த வாக்கியத்தோடுதான். டிவியில், பேப்பரில் இருக்கும்வரை சுத்தம், வெளியே வந்தால் வியாபாரம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

டிவியிலும் காசு வந்தது, ஐயா. விளம்பர இடைவேளை என்று ஒன்று வந்ததே, அப்போது நாம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனோமே, அதுதான் காசு. பேப்பர் இன்னும் மோசம். 2003ல் டைம்ஸ் குழுமம் 'மீடியாநெட்' என்று ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நகர இணைப்பிதழில் உங்களைப் பற்றிச் செய்தி மாதிரி வர வேண்டுமா, கட்டணம் கட்டுங்கள். ஒளிவு மறைவு கிடையாது. பாம்பே டைம்ஸ் வாங்குகிறவர்கள் அதன் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பாருங்கள். இது விளம்பரக் கட்டுரை, பொழுதுபோக்கு பிரமோஷன் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அதில் வந்த ரெஸ்டாரண்ட் பக்கத்தை நம்பித்தான் நம்மில் பாதிப் பேர் கல்யாண நாளுக்கு டேபிள் புக் பண்ணினோம். தமிழ்நாட்டில் பிரஸ் மீட்டுக்குப் போனால் 'கவர்' என்பார்களே, அதையே கம்பெனி லெவலில், ரசீதோடு செய்தார்கள். 2010ல் பிரஸ் கவுன்சில் துணைக்குழு காசுக்குச் செய்தி போடுவது பற்றி ஒரு நீண்ட அறிக்கையே எழுதியது. அது பெரும்பாலும் தேர்தல் செய்திகளைப் பற்றி. சாப்பாட்டுப் பக்கத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

சொந்தக் கடை போடுவதும் மும்பைக்குப் புதிதில்லை. பழைய ஆட்களுக்கு 'பிஸிபீ' ஞாபகம் இருக்கும். பெஹ்ராம் கான்ட்ராக்டர். 'ரவுண்ட் அண்ட் அபவுட்' என்ற பத்தியை வருஷக்கணக்காய் எழுதியவர், இந்த நகரத்தின் சாப்பாட்டையும் விடாமல் எழுதியவர். மிட் டே பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர், 1985ல் அதை விட்டு வெளியே வந்து ஆஃப்டர்நூன் டெஸ்பாட்ச் அண்ட் கூரியர் என்ற மாலைப் பத்திரிகையைத் தொடங்கினார். 2001ல் இறக்கும்வரை எழுதினார். சாயங்காலம் லோக்கல் ட்ரெயினில் திரும்பும் ஜனம் அதைக் கையில் வைத்திருக்கும். கவனிக்க வேண்டியது அதுதான். ஒரு ஆள் வெளியே வந்தார், அவர் பின்னாலேயே நடந்துபோய்க் காசு கொடுத்து வாங்கப் படிக்கிறவன் இருந்தான்.

2004ல் டைம் அவுட் மும்பை வந்தது. பெயர் சொல்லாமல் போய், சாப்பிட்டு, தங்கள் பில்லைத் தாங்களே கட்டிவிட்டு எழுதுவது அவர்கள் வழக்கம். "இங்கே மீன் வறுவல் ரப்பர் மாதிரி இருந்தது" என்று எழுதும் தைரியம் அப்படித்தான் வந்தது. பத்து வருஷம் ஓடியது, அப்புறம் அச்சுப் பதிப்பு நின்றது. அது நின்றபோது நாம் யாரும் அழவில்லை. மொபைலில் நட்சத்திரம் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தோம்.

அந்த நட்சத்திரங்களின் கதை தெரியுமா? 2008ல் டெல்லியில் இரண்டு இளைஞர்கள் ஆபீஸில் எல்லோரும் மெனு கார்டுக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்து, அதை ஸ்கேன் பண்ணி இணையத்தில் போட்டார்கள். ஃபூடிபே என்று பெயர். 2010ல் ஜொமாட்டோ ஆனது. முதலில் சாப்பிட்டவர்கள் கருத்து எழுதும் இடம். அப்புறம் அதே கம்பெனி சாப்பாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தது, ஹோட்டல்காரரிடம் கமிஷன் வாங்கியது, மேலே தெரிய வேண்டுமானால் விளம்பரக் காசும் வாங்கியது. தப்பு என்று சொல்லவில்லை, வியாபாரம். ஆனால் மார்க் போடுகிற வாத்தியாரும் டியூஷன் ஃபீஸ் வாங்குகிற வாத்தியாரும் ஒரே ஆள் என்றால் அந்த மார்க்கை நான் எப்படிப் பார்ப்பேன்? வெளிநாட்டில் இதைவிட வேடிக்கை. 'தி இன்ஃபாச்சுவேஷன்' என்ற அமெரிக்க ரெஸ்டாரண்ட் விமர்சனத் தளத்தை 2021ல் விலைக்கு வாங்கியது யார் தெரியுமா? ஜேபி மார்கன் சேஸ். ஆமாம், பேங்க்! எங்கள் ஜாதி! கிரெடிட் கார்டுக்காரர்களை எந்த ஹோட்டலுக்கு அனுப்புவது என்பது அவர்கள் கவலை.

பேங்க் என்று வந்துவிட்டதால் ஒரு கதை சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

கடன் பத்திரங்களுக்கு ரேட்டிங் போடுவார்கள் இல்லையா, ஏஏஏ, ஏஏ என்று? அது ஆரம்பித்த காலத்தில் காசு கொடுத்தது முதலீடு செய்கிறவன். 1909ல் ஜான் மூடி என்ற அமெரிக்கர் ரயில்வே கம்பெனிகளின் பத்திரங்களுக்குத் தரம் போட்டுப் புத்தகமாக விற்றார். பத்திரம் வாங்குகிறவன் புத்தகத்தையும் வாங்கினான். கம்பெனிக்காரனிடம் ஒரு பைசா வாங்கவில்லை. அதனால் யாரைப் பார்த்தும் பயமில்லை. இது அறுபது வருஷம் ஓடியது. 1970களின் ஆரம்பத்தில் தலைகீழாகத் திரும்பியது. பத்திரம் வெளியிடும் கம்பெனியே தனக்கு ரேட்டிங் போடக் காசு கொடுக்க ஆரம்பித்தது. ஏன்? பல காரணம் சொல்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்த காரணம், ஜெராக்ஸ் மெஷின். ஒருவன் புத்தகத்தை வாங்கி, பத்துப் பேருக்கு நகல் எடுத்துக் கொடுத்தான். படிக்கிறவனிடமிருந்து காசு வராது என்று ஆனதும், மதிப்பிடப்படுகிறவனிடமே கை நீட்டினார்கள்.

அதன் பலனை எங்கள் தொழிலில் நாங்கள் அனுபவித்தோம். 2008ல் அமெரிக்காவில் வீட்டுக்கடன் பத்திரங்கள் ஏஏஏ முத்திரையோடு மண்ணைக் கவ்வின. நம் ஊரில் 2018 செப்டம்பரில் ஐஎல் அண்ட் எஃப்எஸ் கட்ட வேண்டிய கடனைக் கட்ட முடியாமல் நின்றது. அதற்குச் சில வாரங்கள் முன்புவரை மேல்தட்டு ரேட்டிங்தான். அந்தச் செப்டம்பர் மாதம் எந்த பேங்க் ஆபீஸரும் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டான்.

இப்போது அந்தக் காலை ஆறரை மணி பிடிஎஃபுக்கு வாருங்கள். அது என்ன? ஜெராக்ஸ் மெஷின்தானே! 2020ல் ஜாக்ரன் குழுமம் தன் ஈபேப்பரை டெலிகிராமில் இப்படிப் பரப்புகிறார்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்கே போனது. அந்தச் சேனல்களை எடுக்கச் சொல்லி உத்தரவும் வந்தது. கோர்ட்டை விடுங்கள். எழுதுகிறவனுக்கு நாம் காசு தராமல் நிறுத்தினோம். அவன் என்ன, காற்றைக் குடித்தா உயிர் வாழ்வான்? ஹோட்டல்காரன் கூப்பிட்டான், போனான். வாங்கடா என்று வழியைத் திறந்துவிட்டவர்கள் நாம். போனவனைப் பார்த்து 'ஓசிச் சாப்பாடு' என்கிறோம். ஓசி அவனுடையதா, நம்முடையதா?

பி.காம். படித்தவன் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஒரு நடுத்தர ரெஸ்டாரண்டைப் பற்றி ஒழுங்காக எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தனியாகப் போனால் மூன்று ஐட்டத்துக்கு மேல் வயிறு தாங்காது, ஆகவே இரண்டு பேர். ஒரே நாள் ருசியை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது, சமையல்காரருக்கும் காய்ச்சல் வரும், ஆகவே இரண்டு தடவை. தடவைக்கு 3,000 ரூபாய் என்றால் 6,000. வாரம் ஒரு இடம் என்றால் மாதம் 24,000. வெறும் சாப்பாடு. கேமரா பிடிக்கிறவர் சம்பளம், எடிட்டிங், டாக்ஸி எல்லாம் தனி. யூடியூப் தன் விளம்பரத்தில் நூற்றுக்கு 55 ரூபாய் தருகிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். 55 சதவீதம் சரி, எதில் 55 என்பதுதான் கேள்வி. மதுங்காவின் பழைய மெஸ் பற்றி அரை மணி நேரம் நிதானமாக எடுத்தால் எத்தனை பேர் பார்ப்பார்கள், பத்து அடுக்கு சீஸ் தோசை என்று அரை நிமிடம் போட்டால் எத்தனை பேர் பார்ப்பார்கள்? நமக்கே தெரியும், விரல் எதைத் தட்டுகிறது என்று.

இதே கணக்கை மறுபக்கம் போடுங்கள். மாதம் 100 ரூபாய் கொடுக்க 300 பேர். 30,000. சாப்பாட்டுச் செலவும் டாக்ஸியும் முடிந்தது. மும்பை, தாணே, நவி மும்பை முழுக்க எத்தனை தமிழ்க் குடும்பம் இருக்கிறோம், அதில் முந்நூறு பேர் தேறமாட்டோமா? ஒரு தடவை குடும்பத்தோடு போய் ரவா மசாலாவும் காப்பியும் சாப்பிட்டால் எண்ணூறு ரூபாய் பழுக்கிறது, அது வலிப்பதில்லை.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்பீர்கள். பார்த்தது. அரசாங்கத்துக்கு முன்பே, விளம்பரத் துறையின் சொந்த அமைப்பான விளம்பரத் தரக் கவுன்சில் 2021 ஜூன் 14 முதல் காசு வாங்கிப் போடும் பதிவில் அதைச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தது. 2023 ஜனவரியில் நுகர்வோர் துறையும் வழிகாட்டி வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம், மறுபடி செய்தால் 50 லட்சம்வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது வருமான வரிக்காரர்கள் செய்ததுதான். 2022 ஜூலை 1 முதல் 194ஆர் என்று ஒரு பிரிவு வந்தது. தொழில் செய்கிறவருக்கு வருஷத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் ஓசியாகச் சலுகை கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். அதற்கான சுற்றறிக்கையில் சமூக ஊடகப் பிரபலங்களைப் பற்றித் தனியாகவே எழுதினார்கள். ஓசி என்பதும் வருமானம்தான் என்று நமக்கு முன்னால் வரித்துறைக்குப் புரிந்துவிட்டது! ஆனால் இதெல்லாம் வாங்கினேன் என்று சொல்ல வைக்கும் விதிகள். வாங்காமல் இருக்க வழி செய்யும் விதிகள் இல்லை.

எங்கள் பக்கத்துத் தடங்கலையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 2021 அக்டோபர் 1 முதல் கார்டில் மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி புது விதிகள் கொண்டுவந்தது. முன்கூட்டியே அறிவிப்பு, 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு தடவையும் ஓடிபி. 2022ல் அதை 15,000 ஆக்கினார்கள். வாடிக்கையாளர் பாதுகாப்புக்கு நல்ல விதி, நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அந்த ஒரு மாதத்தில் எத்தனை சின்னச் சின்ன சந்தாக்கள் அறுந்தன என்பதை கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் நான். எழுத்தாளர்கள் நியூஸ்லெட்டர் நடத்தும் சப்ஸ்டாக் தளம் பணம் வாங்குவது ஸ்ட்ரைப் என்ற நிறுவனம் வழியாக. 2024ல் ஸ்ட்ரைப் இந்தியாவில் புதுக் கணக்குகளை அழைப்பு இருந்தால் மட்டும் என்று சுருக்கிக்கொண்டது. லண்டனில் ஜோனதன் நன் என்பவர் 2020 மார்ச்சில் ஊரடங்கில் 'விட்டில்ஸ்' என்று ஒரு சாப்பாட்டு நியூஸ்லெட்டர் தொடங்கி, சந்தாவை நம்பியே பெரிதாக வளர்த்து, எழுதுகிறவர்களுக்கும் சம்பளம் கொடுத்தார். அதே வேலையை அதே வழியில் செய்ய நினைக்கும் மும்பைக்காரர் முதல் படியிலேயே தடுக்கி விழ வேண்டியிருந்தது. யுபிஐயில் ஆட்டோபே வசதி 2020லிருந்தே இருக்கிறது, வழி இல்லாமல் இல்லை. கேபிளுக்கும் மொபைலுக்கும் அதில் கட்டத் தெரிந்த நமக்கு இதற்கு மட்டும் தெரியவில்லை.

"காசு கொடுத்தா மட்டும் யோக்கியமா எழுதிருவாங்களா?" என்று ஒருவர் கேட்டார். எழுதாமலும் போகலாம். அப்போது சந்தாவை நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு. ஓசியில் பார்ப்பவருக்கு எதை நிறுத்த முடியும்? "இல்லாதவங்க என்ன செய்வாங்க?" என்று இன்னொருவர். கேட்டவர் பவாயில் மூன்று பெட்ரூம் ஃபிளாட் வாங்கியவர், லோன் எங்கள் கிளையில்தான்... சரி, அதற்கு மேல் சொன்னால் என் வேலை போய்விடும் :-)

இவ்வளவு ஏன் கத்துகிறேன் என்றால், இது ரெஸ்டாரண்ட் பற்றிய கவலை மட்டும் இல்லை. பெரிய ஹோட்டலுக்கு பிஆர் ஏஜென்ஸி இருக்கிறது, யாராவது எழுதிவிடுவார்கள். மதுங்காவில் 1940லிருந்து இருக்கும் கஃபே மெட்ராஸ், 1942ல் ராமா நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் இவற்றுக்கும் வரிசையில் கூட்டம் நிற்கிறது, பிழைத்துக்கொள்வார்கள். அங்கேயும்கூட எழுத வருகிறவனுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பெயர் மெட்ராஸ், நடத்துவது காமத் குடும்பம். உடுப்பிச் சாம்பாரில் வெல்லம் இருக்கும், அதைச் சாப்பிட்டுவிட்டுத் தமிழ்நாட்டுச் சாம்பார் இனிக்கும் என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் 'சௌத் இண்டியன்' என்ற ஒரே குண்டானில் போட்டுக் கிண்டுவார்கள். ஒரு ஆங்கில இணைப்பிதழ், பெயர் வேண்டாம், ஒரு பக்கம் முழுக்க இட்லி என்று போட்டது. நட்சத்திர ஹோட்டல் இட்லி, சாக்லேட் இட்லி, என்னென்னவோ. இந்த நகரத்துக்கு நிஜமாகவே இட்லி போடுகிறவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவர்கள் தாராவியில் இருக்கிறார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்திலிருந்து வந்தவர்கள், எங்கள் ஊர்க்காரர்களும் உண்டு. விடிவதற்கு முன்னால் சந்துகளில் ஆவி கிளம்பிவிடும். அலுமினியப் பாத்திரத்தில் இட்லி, மெதுவடை, வாளியில் சட்னி, சாம்பார். சைக்கிளிலும் தலைச்சுமையிலும் கிளம்பி, பீம் பீம் என்று ஹாரனை அமுக்கிக்கொண்டு நகரமெங்கும் போவார்கள். குஜராத்தியும் மராத்தியும் பீகாரியும் காலை டிபனுக்கு இட்லி சாப்பிடப் பழகியதில் இவர்கள் கால் தேய்ந்த கணக்கு இருக்கிறது. எத்தனை மணிக்கு மாவு ஆட்டுகிறார்கள், அரிசி எங்கே வாங்குகிறார்கள், எந்தத் தெரு யாருக்கு என்று எப்படிப் பிரித்துக்கொண்டார்கள், முதலில் வந்தவர் யார், அவர் கையில் ஊரிலிருந்து என்ன கொண்டுவந்தார்? இதையெல்லாம் கேட்டு எழுத ஒரு ஆள் வேண்டும். விளம்பரம் கொடுக்க அவர்களிடம் காசு கிடையாது, பதிலுக்குச் சலுகை கூப்பனும் கிடையாது.

காலமும் அதிகமில்லை. தாராவி மறுசீரமைப்பு 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குப் போனது, 2024ல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. யாருக்கு அங்கேயே வீடு, யாரை வேறு இடத்துக்கு அனுப்புவது என்ற பேச்சு இன்றுவரை ஓடுகிறது. ஒரே சந்தில் அடுத்தடுத்து அடுப்பு வைத்திருப்பவர்கள் நாளைக்கு நாலு திசையில் பதினாலாவது மாடியில் இருப்பார்கள். மாவுக்கு ஆட்டுக்கல்லும் கிரைண்டரும், ஆவிக்கு அடுப்பும் லிஃப்ட்டில் போகாது. அந்தச் சந்தில் ஒரு கேமராவோடு பத்து விடியற்காலைகள் போய் உட்கார ஒரு ஆளுக்கு என்ன செலவாகும் என்று, மேலே போட்ட அதே கணக்கில் நீங்களே போட்டுப் பாருங்கள். இட்லி விலை ரொம்பக் குறைவு.